மடிப்புப் பிரித்த கவுன்

துணி மாட்டுகிற கம்பி காலியாக இருக்கும் தையல் கடைக்கு யாரும் துணி கொடுக்க மாட்டார்கள். வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாளே, கை சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். அங்கே பத்து நாள் ஆகும் என்று முகத்தில் அடித்தாற்போலச் சொன்னாலும் பல்லை இளித்துக்கொண்டு கொடுத்துவிட்டு வருவார்கள். நூலும் பொத்தானும் விற்கிற எனக்கு இது நன்றாகத் தெரியும். என் கடை அலமாரியிலும் முன்வரிசையில்தான் சரக்கு இருக்கிறது. பின்வரிசை டப்பாக்களைத் தட்டிப் பார்த்தால் காலி டப்பாச் சத்தம்தான் வரும்.

என் கடைக்கும் டெய்லரம்மா கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். இந்தப் பக்கம் நான் இருமினால், அந்தப் பக்கம் மிஷினை நிறுத்திவிட்டு, "மாத்திரை போட்டீங்களாக்கா?" என்பாள். கடைக்குப் பின்னாலேயே ஒரு அறை. அதில்தான் அவளும் மகளும் சமைத்து, படித்து, தூங்கினார்கள். மகளுக்குக் குண்டூசி என்று பெயர் வைத்தது நான். உடம்பு ஒல்லி, பேச்சு குத்தும். அப்போது அவளுக்குப் பத்து வயது.

அந்தக் கடையில் சுவருக்குச் சுவர் ஓர் இரும்புக் கம்பி போட்டிருந்தது. அதில் முதன்முதலில் துணி மாட்டியது யார் தெரியுமா? அவள் புருஷன், சரக்கு வண்டிக்காரன். கடை திறந்த புதிதில் ஒரு வாரமாக ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. அவள் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது அவன் மனுஷனாக இருந்தான். கடை என்றால் நிறைந்த மாதிரி தெரிய வேண்டும் என்று சொல்லி, வீட்டிலிருந்த நல்ல துணிகளையெல்லாம் இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து வரிசையாக மாட்டினான். தன்னுடைய நீலச் சட்டையைக் கழற்றி அதையும் மாட்டிவிட்டு, பனியனோடு வண்டி ஓட்டிக்கொண்டு போனான். 'புது ஆர்டர் பத்து நாள் கழித்துத்தான்' என்று அட்டையில் எழுதி ஒட்டியவனும் அவனேதான். அடுத்த வாரமே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

அன்றிலிருந்து அந்தக் கம்பி காலியானதில்லை. ஆயத்த உடைகள் வந்து தையல் வேலை கழுதை தேய்ந்து கட்டெறும்பான பிறகும் நிறைந்தேதான் இருந்தது. உண்மையில் வந்ததெல்லாம் ஜிப் மாற்றுவது, கால்சட்டை நீளம் குறைப்பது, கிழிந்த பைக்கு ஒட்டுப் போடுவது. அதெல்லாம் ஒரு மூலையில் சின்ன மூட்டையாகக் கிடக்கும். கம்பியில் தொங்கியது வேறு. தைக்கக் கொடுத்துவிட்டு ஊரை விட்டுப் போனவர்களின் சட்டைகள், அவளுடைய பழைய உடுப்புகள், குண்டூசிக்குச் சின்னதாகிப் போன கவுன்கள். ஒரே சட்டை ஒரே இடத்தில் தொங்கினால் தெரு கண்டுபிடித்துவிடும் என்று வாரா வாரம் தூசி தட்டி இடம் மாற்றி மாட்டுவாள்.

குண்டூசிக்கு ஏழு வயது இருக்கும்போதே அவன் போய்விட்டான். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். அவளைக் கேட்டால் ஒரு காரணம் வரும், அவனைக் கேட்டால் வேறு வரும். அந்த இரண்டிலும் பிள்ளைக்குப் பங்கில்லை. எனக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான்.

போனவன் ஒரேயடியாகவும் போகவில்லை. நினைத்துக்கொண்டால் வருவான். தெருவை அடைத்து வண்டியை நிறுத்திவிட்டு, குண்டூசியின் உயரத்துக்கு ஒரு பொம்மையைத் தூக்கிக்கொண்டு இறங்குவான். தெருவே பார்க்கும். பள்ளிக்கூடத்துப் பணம் என்று அவள் வாயைத் திறந்தால் போதும், வண்டி ரிப்பேர், டயர் போய்விட்டது, வாடகை வரவில்லை என்று ஒரு பாட்டம் பாடிவிட்டுக் கிளம்பிவிடுவான். பொம்மை வாங்குகிற கை பென்சில் வாங்க நீளாது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளோ, "அவரு கஷ்டம் அவருக்கு" என்பாள். அவராம், அவர். விட்டுவிட்டுப் போனவனுக்கு இவள் போட்ட மரியாதையில் நான் பலகைத் தடுப்பை எத்தனையோ தடவை கையால் தட்டியிருக்கிறேன்.

அந்த மழைக்காலத்தில்தான் அவளுக்குப் பொறுமை போயிற்று. கூரை ஒழுகி, மிஷின் மேல் பிளாஸ்டிக் தாள் போர்த்தி, அவள் தாளுக்கு அடியில் கையை விட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். குண்டூசி நனைந்துபோய் வந்தாள். ஷூவின் அடி பிளந்து வாயைத் திறந்திருந்தது. உள்ளே காலுக்குப் பாலித்தீன் பை சுற்றியிருந்தாள். இரண்டு தவணை கட்டவில்லை, அடுத்த மாதம் முதல் வகுப்பில் உட்கார விட முடியாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை, "அம்மா, நான் வேணா வீட்ல இருந்து பொத்தானுக்குக் காஜா எடுக்கறேன்" என்றது. பத்து வயதுப் பிள்ளை.

"நாளைக்கு என்கூட வா. வக்கீலம்மாகிட்ட போலாம்," என்றேன்.

"பிச்சை கேக்கற மாதிரி இருக்குக்கா."

"யாருக்குடி பிச்சை? நீயா திங்கப் போற? அவன் பெத்ததுக்கு அவன் குடுக்கணும். இதுல பிச்சை எங்கேர்ந்து வந்துச்சு?"

வக்கீலம்மாவின் அலுவலகம் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்தது. ஏறும்போதே மருந்து வாடை வரும். எங்களை உட்கார வைத்து நிதானமாக எடுத்துச் சொன்னார். அப்பா என்ன சம்பாதிக்கிறார், அம்மா என்ன சம்பாதிக்கிறார், பிள்ளைக்கு என்ன ஆகிறது, இந்த மூன்றையும் பார்த்துத்தான் கோர்ட் தொகையைத் தீர்மானிக்கும். பெற்றவர்கள் சண்டை போட்டுக்கொண்டதற்காகப் பிள்ளையின் வாழ்க்கை கீழே இறங்கக் கூடாது என்பதுதான் சட்டத்தின் நோக்கம் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒரு தாளை அவளிடம் தள்ளி, பிள்ளைக்கு மாதம் என்னென்ன செலவு, எல்லாவற்றையும் எழுதச் சொன்னார்.

அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பால், அரிசி என்று இரண்டு வரி எழுதினாள். பள்ளிக்கூடம் எழுதினாள். கண்ணாடி எழுதினாள், குண்டூசிக்குக் கிட்டப்பார்வை. அப்புறம் நிமிர்ந்து, "காய்ச்சல் வந்தா எத்தன எழுதணும்?" என்று கேட்டாள். தலைக்கு எண்ணெய், உடைந்த சீப்பு, தொலைந்த ரப்பர், ராத்திரி பயந்து எழுந்தால் போட்டு வைக்கிற விளக்குக்குக் கரண்ட், இதெல்லாம் எந்தக் கட்டத்தில் வரும் என்று அவளுக்குத் தெரியவில்லை. கூடவே இருந்து வளர்க்கிறவள் பைசா பைசாவாக நிரூபிக்க வேண்டும். எட்டிப் போனவன் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என்ன நியாயமோ.

அவனும் அதைத்தான் சொன்னான். அவன் தரப்பில் வந்த பதிலை வக்கீலம்மா படித்துக் காட்டினார். வண்டி அவனுடையது இல்லையாம். தம்பியுடையதாம். இவன் அதில் தினக்கூலிக்கு ஓட்டுகிறானாம். அந்தத் தம்பி, சின்னவன், சைக்கிளில் ஏறினாலே கால் நடுங்குகிற ஆசாமி. அவனுக்குச் சரக்கு வண்டியாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை என்றால் இதுதான். போதாததற்கு, மனைவிக்கு வியாபாரம் கொடிகட்டிப் பறக்கிறது, வருகிற ஆர்டரை எடுக்க முடியாமல் திருப்பி அனுப்புகிறாள், பிள்ளையை அவளே ராஜாத்தி மாதிரி வளர்க்கலாம் என்று எழுதியிருந்தான். ஆதாரமாக ஒரு போட்டோவும் வைத்திருந்தான்.

கால்சட்டை தைக்க என்ன கூலி என்று கேட்கிற சாக்கில் சின்னவன் ஒரு நாள் கடை வாசலில் நின்றிருந்தான். அப்போது எடுத்திருக்கிறான். கம்பி முழுக்கத் துணி, பக்கத்தில் பத்து நாள் அட்டை. ஒவ்வொரு துணியையும் சுற்றி சிவப்பு மையில் ஒரு வட்டம், பக்கத்தில் தையல் கூலி, கடைசியில் மொத்தம். எல்லாம் வண்டிக்காரன் கையெழுத்து. எந்தத் துணிக்கு என்ன கூலி என்று அவனுக்கு அத்துப்படி. ஒரு காலத்தில் பில் போட்டுக் கொடுத்ததே அவன்தானே.

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். மாட்டியவனே அவன். அட்டை எழுதியவனே அவன். வேலியே பயிரை மேய்ந்தது போதாதென்று, இங்கே அமோக விளைச்சல் என்று சாட்சியும் சொல்கிறது. வக்கீலம்மா என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். இதற்கு ஒரே பதில் உண்மைதான் என்றார். கடையில் அவ்வளவு வேலை இல்லை, இதெல்லாம் பார்வைக்கு மாட்டியது என்று கோர்ட்டில் வாயால் சொல்ல வேண்டும்.

அவள் முடியாது என்று தலையாட்டிவிட்டாள்.

கடைக்கு வந்ததும் என்னிடம்தான் வெடித்தாள். "கோர்ட்ல சொன்னா தெருவுல சொன்ன மாதிரிக்கா. நம்ம தெருவுலேர்ந்து எத்தன பேரு அங்க கேஸுன்னு போறாங்க. எங்கிட்ட வேலை இல்லைன்னு தெரிஞ்சா நாளைக்கு ஜிப் மாத்தக்கூட எவ வருவா? பள்ளிக்கூடத்துலேர்ந்து அடுத்த வருஷச் சீருடை முழுக்க எனக்குத் தரலாமான்னு பாத்துட்டுப் போயிருக்காங்க. கம்பிய பாத்துட்டுத்தான் போயிருக்காங்க."

"சொல்லலேன்னா அவன் எழுதினது உண்மையாயிடும்."

"சொன்னா என் பொழப்பு போயிடும். எப்படிப் பாத்தாலும் எனக்குத்தான் அடி. இல்லாதத இருக்குன்னு காட்டி நான் பொழைக்கறேன். இருக்கறத இல்லேன்னு காட்டி அவரு பொழைக்கறாரு. ரெண்டும் ஒண்ணாக்கா?"

இரண்டும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரிந்தது. அவள் பொய்யில் ஒரு பிள்ளை சாப்பிட்டது. அவன் பொய்யில் அதே பிள்ளையின் தட்டு காலியாகிறது. இதை எந்தத் தாளில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

வக்கீலம்மா கொடுத்த போட்டோ நகல் மிஷின் மேல் கிடந்தது. அவள் அதை எடுத்து மடிக்கப் போனவள், வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு ஒரு வட்டத்தின் மேல் விரலை வைத்தாள். வெள்ளைக் காலர் வைத்த மஞ்சள் கவுன். பக்கத்தில் 'சிறுமி கவுன், காலருடன்' என்று எழுதிக் கூலி போட்டிருந்தான்.

குண்டூசியை முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு அவன் தோளில் தூக்கிக்கொண்டு போனானே, அந்தக் கவுன். போகிற வழியில் அவன் சட்டைப் பையில் மாட்டிப் பொத்தான் தெறித்துவிட்டது என்று என் கடை வாசலில் வந்து நின்று, அவசரத்துக்கு வேறு நிறப் பொத்தான் வாங்கி வைத்த கவுன். அந்தப் பொத்தானுக்குக் காசு வாங்காதவள் நான். தன் பிள்ளை போட்டு வளர்ந்த கவுனை எவனோ ஊரான் வீட்டு ஆர்டர் என்று எண்ணிக் கூலி போட்டு மொத்தத்தில் சேர்த்திருக்கிறான்.

அவள் அழவில்லை. கம்பியருகே போய் அந்தக் கவுனை எடுத்து, விளிம்பைத் திருப்பிப் பார்த்தாள். "சொல்றேன்க்கா," என்றாள். "கோர்ட்ல வந்து சொல்றேன்."

கோர்ட்டில் மின்விசிறி சத்தம்தான் முதலில் கேட்டது. நீதிபதி வயதானவர், நாள் முழுக்க இதே மாதிரிச் சண்டைகளைக் கேட்டுக் கேட்டு முகம் சலித்துப் போனவர். வண்டிக்காரன் சாயம் போன சட்டையும் ரப்பர் செருப்புமாக வந்திருந்தான். தினக்கூலி வேஷம். அவன் வக்கீல் போட்டோவைக் காட்டி நீட்டி முழக்கினார். பிள்ளைக்கு வருடா வருடம் கண்ணாடி மாற்ற வேண்டுமா, இவ்வளவு பால் தேவையா என்று வேறு கேட்டார். ஆமாம், பிள்ளையின் கண் வருடா வருடம் மாறுகிறது. வளர்கிற பிள்ளையின் தப்பு அது.

அவள் முறை வந்ததும் துணிப்பையைத் திறந்தாள்.

"ஐயா, அந்தக் கம்பியில இருக்கறது எதுவும் ஆர்டர் இல்ல. கடை காலியா தெரிஞ்சா ஆளு வராதுன்னு மாட்டினது. மொதல்ல மாட்டினவரு இவருதான். எனக்கு வர்றது கிழிசல் வேலை. அதுல கடை வாடகை போனா மீதி அரிசிக்கு."

கோர்ட்டில் பின்வரிசையில் யாரோ கிசுகிசுத்தார்கள். எங்கள் தெரு ஆள்தான். அவள் காதிலும் விழுந்திருக்கும். நிறுத்தவில்லை. மஞ்சள் கவுனை மேசையில் வைத்து விளிம்பைத் திருப்பினாள்.

"இது ஆர்டர்னு கூலி போட்டிருக்காரு. இது எங்க பொண்ணு கவுன். வளர வளர எறக்கிக்கலாம்னு உள்ள நெறைய துணி விட்டு மடிச்சுத் தெச்சேன். இந்தக் கோடெல்லாம் மடிப்புப் பிரிச்ச தடம். இது அவ அஞ்சு வயசு. இது ஆறு. அது வரைக்கும் இவரு வீட்ல இருந்தாரு. இதுக்கப்புறம் ரெண்டு கோடு இருக்கு, அது நான் மட்டும் எறக்கினது. இப்ப பாருங்க, உள்ள துணியே இல்ல. இனிமே எங்கேர்ந்து எடுக்கறது?"

நீதிபதி கவுனைத் தொட்டுப் பார்த்தார். போட்டோவில் அந்த வட்டத்தைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்து, சொந்த மகளின் துணி அடையாளம் தெரியவில்லையா என்று கேட்டார். போட்டோவில் சரியாகத் தெரியவில்லை என்றான். கூலி மட்டும் சரியாகத் தெரிந்ததோ என்றார் நீதிபதி. அவன் வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வண்டிப் பேச்சு வந்தபோது அவன் தம்பி, தம்பி என்றே பாடினான். அதன் காகிதங்களை அடுத்த வாய்தாவுக்குக் கொண்டுவர உத்தரவானது. அதுவரை மாதா மாதம் பிள்ளைக்கு என்று ஒரு தொகையை நீதிபதி நிர்ணயித்தார். நாங்கள் கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவன் கோர்ட்டில் தருகிறேன் என்றதைப் போல மூன்று மடங்கு. நின்றுபோன பள்ளித் தவணையையும் அவனே கட்ட வேண்டும் என்றார். வெற்றி என்று சொல்ல முடியாது. சீருடை ஆர்டர் அந்த வாரமே வேறு கடைக்குப் போய்விட்டது. வேலை இல்லாதவளிடம் எப்படிக் கொடுப்பது என்றார்களாம். உண்மை சொன்னதற்கு அவள் கட்டிய அபராதம் அது. ஆனால் அது பிறகு. அதற்கு முன்னால் வராந்தாவில் நடந்ததைச் சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது.

நாங்கள் குழாயடியில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். வக்கீலம்மா பக்கத்தில் காகிதம் அடுக்கிக்கொண்டிருந்தார். வண்டிக்காரன் விடுவிடுவென்று வந்தான். பின்னாலேயே அவன் வக்கீல், வேண்டாம் வேண்டாம் என்று கையைக் காட்டிக்கொண்டு வந்தார்.

"நாலு பேரு முன்னாடி என் மானத்த வாங்கிட்ட இல்ல? திருப்தியா?"

அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள். பைக்குள் கையை விட்டு, கடை திறந்தபோது அவன் கழற்றி மாட்டிய அந்த நீலச் சட்டையை எடுத்தாள். மடிப்புக் கலையாமல் இருந்தது. காலையில் இஸ்திரி போட்டிருக்கிறாள், பாவி.

"இதுவும் வட்டம் போட்டிருக்கு. உன் கணக்குப்படி இதுவும் ஆர்டர்தான்," என்றாள். "கூலியக் குடுத்துட்டு வாங்கிட்டுப் போ. கடன் கிடையாது."

அத்தனை வருடத்தில் அவள் அவனை நீ என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவனும் கேட்டிருக்க மாட்டான். முகம் கறுத்துவிட்டது. எங்களைச் சுற்றி ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தன் சிரித்தும் விட்டான். அதுதான் வினை. தெருவை அடைத்துப் பொம்மையோடு இறங்கிப் பழகியவனாயிற்றே, சிரிப்பைத் தாங்குவானா?

"என்னடி பெரிய கூலி? எனக்கென்ன வக்கில்லையா?" என்று பின்பையில் கையை விட்டான். ரப்பர் பேண்டு போட்ட நோட்டுக் கட்டு வந்தது. ஒரு சாண் கனம் இல்லாவிட்டாலும் உள்ளங்கை மூடவில்லை. அதிலிருந்து பெரிய நோட்டு ஒன்றை உருவி அவள் காலடியில் எறிந்தான். "வெச்சுக்கோ."

சிரித்தவன் சிரிப்பை நிறுத்திவிட்டான். அவன் வக்கீல் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். எங்கள் வக்கீலம்மா காகிதம் அடுக்குவதை விட்டுவிட்டு அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவனுக்குத் தன் கையில் இருப்பது என்ன என்று உறைத்தது. அவசரமாகப் பைக்குள் திணித்தான். அது உள்ளே போகவில்லை.

அவள் குனிந்து நோட்டை எடுத்து, மண்ணைத் தட்டி, துணியை நீவுகிற மாதிரி இரண்டு கையாலும் நீவினாள்.

"தினக்கூலின்னு எழுதிக் குடுத்தியே. இது எத்தன நாள் கூலி?"

அவன் தன் வக்கீலைத் திரும்பிப் பார்த்தான்.

"எங்கிட்ட சில்லறை இல்ல. தெச்ச கூலி போக மீதி குண்டூசிக்கு ஷூ," என்றாள். "அடுத்த வாய்தாவுக்கு அந்த நோட்டுக் கட்டையும் கொண்டு வா. ஐயா பாக்கணும்."

அவன் வக்கீல் அவன் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நீலச் சட்டையை வாங்கிக்கொள்ள மறந்துவிட்டான். நான் கூப்பிட்டு நினைவுபடுத்தவில்லை. நல்ல பருத்தித் துணி. மிஷினில் எண்ணெய் துடைக்க ஒரு வருஷத்துக்கு வரும்.